மாலை இரண்டு மணி நேரம்

(அறக்கட்டளை ஆண்டு விழாவின் கல்வி அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மாலை நான்கு மணியளவில் பள்ளி விடும் மணி அடிக்கிறது. பிள்ளை புத்தகப் பையுடன் வீடு வந்து சேர்கிறது. அப்பொழுது தொட்டு உறங்கப் போகும் வரை உள்ள பொழுது யாருக்கு உரியது? இவ்வினாவே இவ்வுரையின் பொருள். பகற்பொழுதைப் பள்ளி எடுத்துக்கொள்கிறது. இரவைத் தூக்கம் எடுத்துக்கொள்கிறது. இடையில் எஞ்சும் மாலைப் பொழுதைச் சில வீடுகளில் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. சில வீடுகளில் டியூஷன் எடுத்துக்கொள்கிறது. வேறு சில வீடுகளில் தாய் தந்தை இருவரும் வேலையிலிருந்து திரும்பியிராமையால், அது எவருக்கும் உரியதாகாமல் தெருவிலும் திண்ணையிலும் கரைந்து போகிறது.

தொடக்கப் பள்ளிப் பருவம் ஐந்து வயது முதல் பத்து வயது வரை உள்ள காலம். எழுத்தும் எண்ணும் கைவருவது இப்பருவத்தில்தான். முதல் மூன்று வகுப்புகளில் வாசிப்பு என்பது ஒரு பாடம். நான்காம் வகுப்பு முதல் எல்லாப் பாடங்களுக்கும் அதுவே வாசல். அவ்வாசல் திறவாத பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் பூட்டிய வீடுகளே. கரும்பலகையில் ஆசிரியர் எழுதியதை முத்து முத்தாகப் பார்த்தெழுதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, அதே வரியைப் படித்துக் காட்டச் சொன்னால் வாய் திறவாமல் நிற்பதுண்டு. குறிப்பேட்டின் அழகைக் கண்டு பெற்றோர் மனநிறைவு கொள்கின்றனர். எழுத்தை வரைவது வேறு, எழுத்தைப் படிப்பது வேறு என்பது ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்பிற்குச் செல்லும்போதுதான் வீட்டிற்குத் தெரியவருகிறது. அப்பொழுது காலம் கடந்து விடுகிறது.

இதற்கு ஆசிரியரைக் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு வகுத்த அளவே முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதாகும். சிற்றூர்ப் பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் நடத்துவது அரிதன்று. ஒரு மணி நேரப் பாடத்தில் முப்பது பிள்ளைகளுக்கும் தனித்தனியே காது கொடுப்பதென்றால் ஒருவருக்கு இரண்டு நிமிடமே கிட்டும். பின்தங்கிய பிள்ளை இந்த இரண்டு நிமிடத்தில் எழுந்து வர இயலாது.

அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்று வரையறுக்கிறது. மாலையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரத்திற்கு ஐந்து நாட்கள், ஆண்டில் நாற்பது வாரங்கள் என்று கணக்கிட்டால் 200 மணி நேரம் கிடைக்கிறது. இது பள்ளி தரும் நேரத்தில் நான்கில் ஒரு பங்கு. ஐந்தாண்டுகளில் 1,000 மணி நேரம். தெருவிலும் திண்ணையிலும் கரைவது இந்தப் பெருஞ்செல்வமே.

மாலை வகுப்பால் உண்மையில் பயன் உண்டா என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தமிழகமே அண்மையில் அதனைச் செய்து பார்த்தது. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் பிள்ளைகள் வகுப்பறையைக் காணவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒரு நாளும் பள்ளியில் அமராமலே மூன்றாம் வகுப்பை நெருங்கியது. இந்நிலையில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை வகுத்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் அதனைத் தொடங்கி வைத்தார். மேல்சித்தாமூர் மடமும் திருநாதர்குன்றும் அமைந்த அதே மாவட்டத்தில் அவ்விளக்கு முதலில் ஏற்றப்பட்டது என்பதைத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நினைவிற் கொள்ளத் தகும்.

அத்திட்டத்தின் அமைப்பு எளியது. அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர். அவரிடம் ஏறத்தாழ இருபது பிள்ளைகள். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் போதும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கோவில் மண்டபம், மரத்தடி, வீட்டுத் திண்ணை, சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் வகுப்புகள் நடந்தன. முன்வந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு வேலை கிடைக்காமலோ, திருமணமாகி வீட்டோடு இருந்தோ, கற்ற கல்வியை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அக்கல்வி மாலைதோறும் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

விளைவு என்ன? தமிழகச் சிற்றூர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தொடர்ந்து சோதித்தறிந்தனர். பள்ளி மூடப்பட்ட காலத்தில் பிள்ளைகள் மொழியைவிடக் கணக்கில் மிகுதியாக இழந்திருந்தனர். ஆயினும் பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இழப்பில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே மிகுதியாக இழந்தனர். மீட்சியில் அவர்களே விரைந்து முன்வந்தனர். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு, ஊரிலுள்ள ஓர் அக்கா சொல்லிக் கொடுத்ததன் பயன் அது.

அவ்வகுப்புகள் பலன் தந்ததற்குக் காரணம் யாது? ஆசிரியப் பயிற்சி பெற்றவரால் ஆகாதது பயிற்சி பெறாதவரால் எவ்வாறு ஆயிற்று? இதற்கு விடை இருபதாண்டுகளுக்கு முன்பே குஜராத்தின் வடோதராவிலும் மும்பையிலும் கிடைத்திருந்தது. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் அங்குள்ள நகராட்சிப் பள்ளிகளில் 'பால்சகி', அதாவது குழந்தைகளின் தோழி, என்ற பெயரில் உள்ளூர் இளம் பெண்களை அமர்த்தியது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று அடிப்படையைக் கற்பித்தனர். அது பள்ளி நேரத்திலேயே நடந்தது எனினும் அதன் பாடம் மாலை வகுப்பிற்கும் பொருந்தும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அதனை ஆராய்ந்தபோது, அப்பள்ளிப் பிள்ளைகளின் தேர்ச்சி, அதிலும் கடைநிலையில் இருந்தோரின் தேர்ச்சி, தெளிவாக உயர்ந்திருக்கக் கண்டனர். இவ்விருவரும் 2019-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

காரணம் ஒன்றே. பள்ளி ஆசிரியர் பாடநூலை முடிக்க வேண்டிய கடமையுடையவர். பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கும் உரிமை அவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. மாலை வகுப்பிற்கு முடிக்க வேண்டிய பாடநூல் இல்லை. ஆகவே அது பிள்ளையிடமிருந்து தொடங்கலாம். இந்த ஒரு வேறுபாட்டை இழந்தால் மாலை வகுப்பு இன்னொரு பள்ளியாகிவிடும். வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்க வைப்பதும், வினா விடையை மனப்பாடம் செய்ய வைப்பதும், மறுநாள் தேர்விற்கு ஆயத்தம் செய்வதும் டியூஷன் எனப்படும். அதனை மாலை வகுப்பு என்று பெயர் மாற்றி அழைப்பதால் பயன் விளையாது.

பிள்ளை நிற்குமிடத்தை அறிவது கடினமன்று. முதல் நாள் ஒரு தாளைக் கையில் கொடுத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்லலாம். தடையின்றிப் படித்தால் சொற்கள். அதன் பின் எளிய நான்கு வரி. அதன் பின் சிறு கதை. கணக்கிலும் அவ்வாறே ஒற்றை எண், இரட்டை எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்று படிப்படியாகக் கேட்கலாம். பத்து நிமிடத்தில் பிள்ளை எப்படியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பின்னர் வகுப்பைப் பாராமல் படியைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையுடன் அமர நேர்ந்தால் வெட்கப்படக் கூடும். குழுக்களுக்குப் பறவை, பூ, ஆறு என்று பெயரிட்டால் அவ்வெட்கம் தோன்றாது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்து, ஏறியவரை மேற்படிக்கு அனுப்ப வேண்டும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இவ்வகுப்பு எதற்கு என்று கேட்கும் பெற்றோர் உண்டு. முதன்மையாக வரும் பிள்ளைக்கும் பள்ளி தராத பல உள. அழ. வள்ளியப்பாவின் பாடல்களைப் பாடி ஆடலாம். நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்து வந்து, படித்த கதையை மற்றவர்க்குத் தன் சொல்லில் கூறலாம். ஊர் ஏரிக்கு வரும் பறவைகளைக் கண்டு குறித்து வைக்கலாம். ஓரறிவு முதல் ஐந்தறிவு வரை உயிர்களைப் பகுத்துக் காணும் முறை சமண மரபிற்கும் தொல்காப்பிய மரபியலுக்கும் நெருங்கியது. ஒரு மாலை முழுவதும் பிள்ளைகள் தோட்டத்தில் மண்புழுவையும் எறும்பையும் தும்பியையும் கொல்லாமல், பிடிக்காமல் உற்றுநோக்கி, எதற்கு எத்தனை அறிவு என்று வாதிட்டால், அறிவியலும் அருளும் ஒரே பாடமாகிவிடும். திருநாதர்குன்றுப் பாறையில் இரு வரிசையாக வடிக்கப்பட்ட இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களைக் காணச் செல்லும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, பன்னிரண்டை இருமுறை எடுத்தால் எத்தனை என்பதை வாய்பாடு வேறு சொல்லித் தர வேண்டியதில்லை.

நன்கு படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு பணியும் உண்டு. தன்னினும் இளையோர்க்குக் கற்பிப்பதே அது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையோரைப் படிக்க வைத்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் நடைமுறைப்படுத்தி, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரால் அந்நாட்டில் பரவியது. சொல்லிக் கொடுப்பவன் இருமுறை கற்கிறான் என்பதை அறிந்த மண் இது.

நகரத்துக் குடும்பங்களின் நிலை வேறு. அங்கே மாலை வெறுமையாக இல்லை, நிரம்பி வழிகிறது. திங்கட்கிழமை அபாகஸ், செவ்வாய்க்கிழமை இந்தி, புதன்கிழமை கராத்தே, வியாழக்கிழமை கீபோர்டு என்று ஏழு வயதுப் பிள்ளை ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலேயே சிற்றுண்டியை உண்டு முடிக்கிறது. ஒவ்வொன்றும் தனியே நல்லதே. அனைத்தும் சேர்ந்தால் பிள்ளைக்குச் சும்மா இருக்கும் நேரம் இல்லாமற் போகிறது. மண்ணில் விளையாடி, பாட்டியிடம் கதை கேட்டு, தனக்குத் தானே பேசிக்கொண்டு படம் வரையும் நேரமும் கல்வியே. அளவிறந்து சேர்ப்பது பொருளில் மட்டும் குற்றமன்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு பிள்ளையின் மாலைக்கும் பொருந்தும். ஒரு பிள்ளைக்கு ஒரு கலை, வாரத்தில் இரண்டு நாட்கள் முற்றிலும் ஓய்வு என்று வரையறுக்கும் துணிவு பெற்றோருக்கு வேண்டும்.

இனி, தமிழ்ச் சமண இல்லங்களுக்கே உரிய ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அதனைப் பேசாமல் மாலை வகுப்பைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது. பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடிப்பது இவ்வில்லங்களின் மரபு. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளில் ஆடி மாதத்தில் ஆறே முக்கால் மணியளவில் பொழுது சாய்கிறது. கார்த்திகையில் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே சாய்ந்துவிடுகிறது. மாலை ஐந்து மணி முதல் ஆறரை வரை வகுப்பு என்று வைத்தால், கார்த்திகை மாதத்தில் பிள்ளை நோன்பை விட வேண்டும். அல்லது பசியோடு உறங்க வேண்டும். ஆகவே சில வீடுகளில் பிள்ளையை வகுப்பிற்கே அனுப்பாமல் நிறுத்திக்கொள்கின்றனர்.

இச்சிக்கலைத் தடையாகக் கொள்ளாமல் வாய்ப்பாகக் கொள்ளலாம். பசித்த பிள்ளை கல்லாது என்பதைத் தமிழகம் நன்கறியும். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவும் அவ்வறிவின் கனிகள். காலையும் நண்பகலும் உணவு தரும் பள்ளி, மாலைப் பசியை வீட்டிடம் விட்டுவிடுகிறது. மதியம் பன்னிரண்டரைக்கு உண்ட பிள்ளைக்கு மாலை ஐந்து மணிக்குப் பசி எடுப்பது இயல்பு. ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்நேரத்தில் ஒரு மிட்டாயையோ பொட்டலத் தின்பண்டத்தையோ உண்டு பசியை அடக்குகின்றனர். மாறாக, மாலை ஐந்து மணிக்கு ஜிநாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எளிய உணவு, கார்த்திகையிலும் பொழுது சாயுமுன், ஐந்தரைக்குப் பாடம், ஆறே முக்காலுக்கு வீடு திரும்புதல் என்று வகுத்தால், நோன்பும் காக்கப்படும், பசியும் தீரும், பாடமும் நடக்கும். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் ஒரு வீட்டுப் பிள்ளையைத் தனிமைப்படுத்தாமல், ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் ஒரு பந்தியில் அமர்த்தும்.

ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் என்ற சொல் இங்கே எண்ணிச் சொல்லப்பட்டது. இம்மாலை வகுப்பு எச்சமயத்தார் வீட்டுப் பிள்ளைக்கும் திறந்திருத்தல் வேண்டும். சமயப் பாடத்திற்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை உண்டு. அது அதற்குரிய இடத்தில் தொடரட்டும். மாலை வகுப்பு எழுத்துக்கும் எண்ணுக்கும் வாசிப்பு இன்பத்திற்கும் உரியது. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். பிற வீட்டார் தம் பிள்ளையை அனுப்பத் தயங்குவர். தம் வீட்டுப் பிள்ளையும் அதனைக் கட்டாயமெனக் கருதி விலகும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்துத் தமிழகத்தில் சமணர் ஏறத்தாழ 89,000 பேரே. அவர்களில் சிற்றூர்களில் வாழ்வோர் சிலரே. பல ஊர்களில் ஐந்து வீடும் பத்து வீடுமாகக் குறைந்துவிட்ட நிலையில், சமணப் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு என்றால் கூடுவோர் மூவரோ நால்வரோதான். ஊரோடு சேர்ந்து கற்கும்போதுதான் அப்பிள்ளைக்கும் தோழர் வாய்ப்பர்.

இதற்கு முன்னோர் காட்டிய வழியும் உண்டு. அன்றைய சிங்கபுர நாட்டைச் சேர்ந்த வேடல் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று உள்ளது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் அங்கே ஐந்நூறு மாணாக்கியர்க்கு ஆசிரியராக விளங்கினார். நானூறு பெண் துறவியரோடு பிணக்கு ஒன்று ஏற்பட்டபோது, அவ்வூரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றனர் என்று அக்கல்வெட்டு உரைக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் ஆசிரியர், அவரிடம் ஐந்நூறு பெண்கள், அவர்களைத் தாங்க ஓர் ஊர். உணவு, அடைக்கலம், கல்வி என மூன்றும் ஓரிடத்தில் கூடின. ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் என்னும் நான்கனுள் மூன்று அவ்வூராரின் ஒரே செயலில் நிறைவேறின. 'பள்ளி' என்னும் சொல் சமண முனிவர் உறைவிடத்தையும் பிள்ளைகள் கற்குமிடத்தையும் ஒருங்கே குறிப்பதும் எண்ணத்தக்கது.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 1880-களில் கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, அந்நூற்பொருள் விளங்காமல் இடர்ப்பட்டார். அவ்வூர்ச் சமண இல்லங்களில் சிந்தாமணியைத் தொடர்ந்து வாசித்துப் பொருள் கூறும் வழக்கம் இருந்ததை அறிந்து, அங்கே சென்று ஐயம் நீங்கினார். ஒரு வீட்டில் அந்நூலைப் படித்து நிறைவு செய்ததை விழாவாகக் கொண்டாடியதையும் அவர் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. கல்லூரிகள் அறியாதிருந்த காப்பியத்தை உயிரோடு வைத்திருந்தவை, வேலை முடிந்த பொழுதில் வீட்டில் கூடி வாசித்த குடும்பங்களே. பள்ளிக்கு வெளியே நிகழும் கல்வியின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வில்லங்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று எவ்வாறு உள்ளனர்? ஆங்கில வழிப் பள்ளியில் பயிலும் பலர் தமிழில் நன்கு பேசுவர். ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் தடுமாறுவர். நன்னூல் தந்த பவணந்தியாரும் யாப்பருங்கலக் காரிகை தந்த அமிதசாகரரும் பிறந்த மரபில், நாலடியாரின் ஒரு பாடலைத் தானே படிக்க இயலாத தலைமுறை வளர்கிறது. பாட்டியின் அலமாரியில் உள்ள நூல்களுக்கு அவருக்குப் பின் வாசகர் இல்லை. இது குற்றச்சாட்டு அன்று, கணக்கு மட்டுமே. இன்று ஏழு வயதான பிள்ளை பன்னிரண்டு வயதிற்குள் தமிழ் வாசிப்பைப் பெறாவிடில் பின்னர்ப் பெறுவது மிக அரிது. எஞ்சியிருப்பவை ஐந்து ஆண்டுகள், அதாவது முன்னர்க் கூறிய அந்த 1,000 மணி நேரம்.

ஆகவே அறக்கட்டளைகளும் ஊர்ச் சங்கங்களும் மேற்கொள்ளத்தக்க பணி தெளிவாக உள்ளது. புதுக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. காலையும் விழா நாட்களிலும் மட்டும் திறந்து, மற்றைய நேரம் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் ஊர்தோறும் உள. வெளிச்சம், மின்விசிறி, குடிநீர், கழிவறை ஆகிய நான்கும் அமைந்தால் போதும். ஊரில் படித்த பெண்கள் இருவரைத் தேர்ந்து, அவர்கள் மதிக்கத்தக்க ஊதியம் அளித்தல் வேண்டும். தொண்டு என்ற பெயரால் அவர்களது உழைப்பை இலவசமாக்கினால் வகுப்பு ஓராண்டைத் தாண்டாது. ஒரே நபரிடம் பிள்ளைகளைத் தனியே விடாமல் எந்நேரமும் பெரியவர் இருவர் உடனிருத்தலும், கதவு திறந்திருத்தலும், வருகைப் பதிவேடும், பிள்ளையை அழைத்துச் செல்வோர் யார் என்ற குறிப்பும் கட்டாயம். கை ஓங்குவதும் கடுஞ்சொல்லும் அறவே கூடா. கொல்லாமை போற்றும் கூடத்தில் பிள்ளையின் மனம் புண்படுதல் பொருந்தாது.

பொழுதை இவ்வாறு பகுக்கலாம். முதற் கால் மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்க, பிள்ளைகள் கதை கேட்டல். அடுத்த அரை மணி நேரம் அவரவர் படிக்கேற்ற வாசிப்பு. அதன் பின் இருபது நிமிடம் கணக்கு. புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் கூட்டல் கழித்தலுக்கு விலையுயர்ந்த கருவிகளினும் மேலானவை. எஞ்சிய பத்து நிமிடம் பாட்டும் விளையாட்டும். வாரத்தில் ஒரு நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து தாம் அறிந்த தொழிலைப் பற்றிப் பேசலாம். உழவர், தச்சர், செவிலியர், தபால்காரர் என எவரும் அன்றைய ஆசிரியரே.

மாதந்தோறும் ஒருமுறை பெற்றோர் வந்து அமர்ந்து, தம் பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டல் வேண்டும். மதிப்பெண் பட்டியல் வேண்டா, பரிசும் வேண்டா. எழுத்தறியாத தாயும் தன் பிள்ளை தடுமாறுகிறதா, தடையின்றிப் படிக்கிறதா என்பதைக் காதால் அறிவாள். அவளே அவ்வகுப்பின் தேர்வாளர்.

பிறந்த நாளுக்கும் மண நாளுக்கும் அன்னதானம் வழங்கும் குடும்பங்கள் பல உள. அவ்வறம் என்றும் தொடர்க. அதனோடு, ஆண்டில் ஒரு நாளின் செலவை ஒரு மாலை வகுப்பின் ஒரு மாதத்திற்கு ஒதுக்கும் குடும்பங்கள் பன்னிரண்டு கிடைத்தால், ஓர் ஊரின் பிள்ளைகளுக்கு ஓராண்டின் மாலைகள் உறுதியாகும். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வோர் ஊரிலும் அப்பன்னிருவர் பெயரை எழுதி வைத்தலே இவ்விழாவிற்குத் தக்க காணிக்கை.

நாளை மாலை நான்கு மணிக்கும் பள்ளி மணி அடிக்கும். பிள்ளைகள் பையுடன் தெருவில் வருவர். மண்டபத்தின் சாவி ஊரிலுள்ள யாரோ ஒருவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதனை எடுத்துத் திறப்பவர் யார் என்பதே இனி அவையோர் விடை கூற வேண்டிய வினா.